பாய்மரப் படகு கிளப்பில் உறுப்பினர்களைப் பங்கெடுக்க வைப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், குடிநீருக்காகக் கட்டிய ஒரு நீர்த்தேக்கத்தில் எங்கள் கிளப் இருக்கிறது. ஓரிருவர் ஏறி ஓட்டும் டிங்கி என்ற சிறு பாய்மரப் படகுகள்தான் எங்களிடம் உள்ளவை. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பந்தயம் நடத்துவது, கவிழ்ந்தவரைத் தூக்குவது, தேநீர் போடுவது, கழிப்பறை கழுவுவது எல்லாமே உறுப்பினர்கள்தான். அங்கே சில வருடங்களாக டியூட்டி பட்டியல் போடும் வேலை என்னுடையது. கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும், வேறு கிளப்களில் இதே வேலையைச் செய்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

சந்தா கட்டுகிறேனே, அப்புறம் எதற்கு வேலையும் செய்ய வேண்டும்?

நியாயமான கேள்வி. இந்தியாவில் படகு விட்டுப் பழகி வந்தவர்களுக்கு இது இன்னும் புதிதாக இருக்கும். அங்கே பல கிளப்களில் படகைத் தயார் செய்து நீரில் இறக்கிக் கொடுக்க ஊழியர்கள் இருப்பார்கள். இங்கே சிறு கிளப்களில் அப்படி யாரும் இல்லை. நீங்கள் கட்டும் சந்தா நீர்த்தேக்கத்தின் வாடகைக்கும், காப்பீட்டுக்கும், பாதுகாப்புப் படகின் எஞ்சினுக்கும், பெட்ரோலுக்கும் போய்விடுகிறது. ஆட்களுக்கும் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் சந்தா பல மடங்கு ஏறும். அப்புறம் நர்ஸும் பஸ் ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் பிள்ளைகளோடு வந்து படகு விடும் இடமாக அது இருக்காது.

லண்டனில் உள்ள சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் கதவருகே நிற்கிறார்கள், மேசை போடுகிறார்கள், கலைவிழாவுக்குத் திரை கட்டுகிறார்கள். யாரும் அதைக் கூடுதல் கட்டணம் என்று நினைப்பதில்லை. இதுவும் அதே மாதிரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர் வேண்டும்?

எங்கள் அளவுள்ள கிளப்புக்குக் குறைந்தது ஐந்து பேர். பந்தய அதிகாரி ஒருவர், அவருக்கு உதவியாளர் ஒருவர், பாதுகாப்புப் படகில் ஓட்டுபவரும் கூட இருப்பவருமாக இருவர், சமையல்கட்டில் ஒருவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் 40 ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் 200 டியூட்டி. படகு விடும் உறுப்பினர்கள் 100 பேர் என்றால் ஆளுக்கு இரண்டு. வருடத்துக்கு இரண்டு நாள் யாருக்கும் பாரம் இல்லை. ஆனால் 25 பேர் மட்டுமே வந்தால் ஆளுக்கு எட்டு. அந்த எட்டுதான் நல்ல மனிதர்களைச் சோர்ந்துபோக வைக்கிறது. மூன்றாவது வருடம் அவர்கள் சண்டை எதுவும் போடாமல் படகை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் போனார்கள் என்று கிளப்புக்குத் தெரியவே தெரியாது.

புதியவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுகிறேன். "எல்லோரும் உதவுங்கள்" என்ற பொது வேண்டுகோளை விட "உங்கள் பங்கு இரண்டு நாள்" என்பது மனதில் தங்குகிறது.

எத்தனை தடவை அறிவித்தாலும் யாரும் முன்வருவதில்லை. ஜனங்களுக்கு அக்கறை இல்லையா?

நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்று ஒரு மே மாத ஞாயிறு எனக்குத் தெரியவந்தது.

மகனைப் படகுப் பயிற்சிக்குக் கூட்டிவரும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. இரண்டு வருடமாக வருகிறார். மகன் தண்ணீரில் இருக்கும் மூன்று மணி நேரமும் காரிலேயே உட்கார்ந்திருப்பார். உதவிக்கு ஆள் கேட்டு நான் அனுப்பிய செய்தி எதற்கும் பதில் வந்ததில்லை. அன்றைக்கு உதவியாளர் வரவில்லை. காரின் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, ஒரு பத்து நிமிடம் இந்தக் கொடியை மட்டும் பிடிக்க முடியுமா? நான் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்று கேட்டேன். உடனே இறங்கினார். இறங்கும்போது அவர் சொன்னது: "எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி, பிழையாப் போயிடுமோ எண்டுதான் பேசாமல் இருந்தனான்."

பந்தயத் தொடக்கத்துக்கு உலகம் முழுக்க வழக்கமான முறை ஒன்று உண்டு. தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, எந்த வகைப் படகுகளின் பந்தயம் என்று காட்டும் வகுப்புக் கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது நீல நிறத்தில் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள 'பி' கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது பி கொடி இறங்கும், அப்போது ஹாரன் நீளமாக ஒலிக்கும். கடைசியில் வகுப்புக் கொடி இறங்கும், படகுகள் பாயும். ஐந்து, நான்கு, ஒன்று, பூஜ்யம். இவ்வளவுதான். அக்கா பி கொடியின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் எண்ணுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப!" என்றதும் இழுத்தார். கொடி மேலே போய் விரிந்தது. தண்ணீரில் இருபது படகுகள் ஒரே நேரத்தில் திரும்பின. அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தான் இழுத்த கயிற்றுக்கு இருபது படகும் பதில் சொன்னதை அவர் கண்ணால் கண்டார்.

அடுத்த வாரம் நான் கேட்கவில்லை. அவரே வந்து நின்றார்.

அன்றிலிருந்து என் கருத்து மாறவில்லை. வராமல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. நாலு பேர் முன்னால் தப்பாகச் செய்துவிடுவோமோ என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் பட்டியல் போடுபவரின் உண்மையான வேலை. மற்றதெல்லாம் எழுத்து வேலை.

சரி, அப்படியானால் எப்படிக் கேட்பது?

பெயர் சொல்லி, நேரில், ஒரே ஒரு வேலைக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். "உதவி தேவை" என்று குழுவில் செய்தி போட்டால் நூறு பேரும் மற்ற தொண்ணூற்றொன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற மைக்கில் கூப்பிட்டா ஆள் சேர்க்கிறோம்? "மாப்பிள்ளை, அந்தச் சாம்பார் வாளியை எடு" என்றுதானே சொல்கிறோம்.

கேட்கும்போது கூடவே சொல்ல வேண்டிய இன்னொன்று, யார் பக்கத்தில் இருப்பார் என்பது. "பதினான்காம் தேதி காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, எழுதிக்கொள்ளும் வேலை மட்டும், பக்கத்தில் இன்னார் இருப்பார்" என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்ற பதில்தான் வரும். தனியாக விட்டுவிடுவார்களோ என்பதுதான் புதியவரின் முதல் கவலை.

முடியாது என்று சொன்னால் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதையோ, வேலை போய்விட்டது என்பதையோ எல்லோரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம்.

எனக்குப் படகு விடவே தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. நேரம் குறிப்பது, படகின் எண்ணை வாசித்துச் சொல்வது, புதியவர்களைக் கதவருகே வரவேற்பது, படம் எடுப்பது.

கணக்கில் கை தேர்ந்தவர் என்றால் முடிவுகள் கணிக்கும் வேலைக்கு வாருங்கள். எங்கள் பந்தயங்களில் பல வகைப் படகுகள் ஒன்றாக ஓடும். வேகமான படகும் மெதுவான படகும் சமமாகப் போட்டியிட, போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் இருக்கிறது. பந்தயத்துக்கு எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். எளிதாகப் புரிய ஒரு லேசர் படகுக்கு 1100, பிள்ளைகள் விடும் ஆப்டிமிஸ்ட்டுக்கு 1650 என்று வைத்துக்கொள்வோம். லேசரில் அப்பா 44 நிமிடத்தில் முடிக்கிறார், ஆப்டிமிஸ்ட்டில் மகள் 66 நிமிடத்தில் முடிக்கிறாள். இருவருக்கும் திருத்திய நேரம் சரியாக 40 நிமிடம். அப்பாவும் மகளும் சமம்! இந்தக் கணக்கைப் போட்டுப் பலகையில் எழுதுபவருக்குப் படகு விடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலகையைச் சுற்றித்தான் மாலையில் கிளப் முழுக்கக் கூடி நிற்கும்.

உடல் ஊனமுற்றோருக்கான பாய்மரப் படகு நாட்கள் இன்னொரு நல்ல இடம். பிரிட்டனில் இதை செயிலபிலிட்டி என்ற பெயரில் பல கிளப்கள் நடத்துகின்றன. ஹான்சா போன்ற படகுகளில் முன்பக்கம் பார்த்துத் தாழ உட்கார்ந்து ஓட்டலாம், அடியில் கனமான பலகை இருப்பதால் எளிதில் கவிழாது. சக்கர நாற்காலியிலிருந்து படகில் ஏற்ற, லைஃப் ஜாக்கெட் மாட்ட, கரையில் காத்திருக்கும் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். பொறுமை மட்டும் போதும். மற்றதை அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

பாதுகாப்புப் படகு என்றாலே பயமாக இருக்கிறது. என்னால் முடியுமா?

பயம் இருப்பது நல்லது. இது விளையாட்டான வேலை இல்லை. பயிற்சி இல்லாமல் யாரையும் ஓட்ட விடக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பிரிட்டனின் தேசியப் படகுச் சங்கமான ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் பவர்போட் இரண்டாம் நிலை என்ற இரண்டு நாள் பயிற்சி அடிப்படை. அதை முடித்த 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் பாதுகாப்புப் படகுப் பயிற்சிக்குப் போகலாம், அதுவும் இரண்டு நாள். கிளப்பில் கொஞ்சம் பணம் இருந்தால் கோப்பை வாங்குவதை விட உறுப்பினர்களின் இந்தப் பயிற்சிக் கட்டணத்துக்குக் கொடுங்கள். பயிற்சி பெற்றவர் தயங்காமல் டியூட்டிக்கு வருவார். அவர் வந்தால் பந்தயம் ரத்தாகாது.

அங்கே முதலில் சொல்லித்தருவது கில் கார்டு. எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் இடையே மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு. ஓட்டுபவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். 2013 மே மாதம் கார்ன்வாலில் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் முழுவதும் வேகப் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தது. கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து மோதியதில் தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் சாவியைக் கொடுப்பதில்லை.

மற்றபடி வேலையின் ஒழுங்கு எளிது. படகு கவிழ்ந்தால் முதலில் தலைகளை எண்ணு. ஆட்கள் முதலில், படகு அப்புறம். தண்ணீரில் ஆள் இருக்கும்போது பக்கத்தில் போனதும் எஞ்சினை நிறுத்து. பெரும்பாலும் அவர்களே படகின் அடிப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்திவிடுவார்கள். கை காட்டி நலம் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். ஓட்டுபவரோடு கூட இருப்பவராக நாலு தடவை போய்வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

டியூட்டி செய்யும் நாளில் என் பந்தயப் புள்ளி போய்விடுமே?

போகாது, கிளப் சரியாக விதி எழுதியிருந்தால். நம் பந்தயங்களில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். டியூட்டியில் இருந்தவருக்கு அந்தத் தொடரில் அவருடைய மற்ற பந்தயங்களின் சராசரியைக் கொடுப்பது பல கிளப்களின் வழக்கம். உங்கள் கிளப்பின் பந்தய அறிவிப்பில் இந்த ஒரு வரி இல்லையென்றால் உடனே சேருங்கள். நன்றாகப் படகு விடுபவர்கள் டியூட்டியைத் தட்டிக்கழிப்பதற்கு உண்மையான காரணம் பல இடங்களில் இதுதான்.

வராதவர்களுக்கு அபராதம் போடலாமா?

வேண்டாம் என்பேன். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தின் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் யூரி நீஸியும் ஆல்டோ ரஸ்டிகினியும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2000-ல் வெளியானது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், இப்போது காசு கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தாமதித்தார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

படகு கிளப்பிலும் இதுவே நடக்கும். இருபது பவுண்டு கட்டினால் டியூட்டி இல்லை என்றால் வசதி உள்ளவர்கள் கட்டிவிடுவார்கள், இல்லாதவர்கள் அவர்களுக்கும் சேர்த்து உழைப்பார்கள். ஒரே கரையில் இரண்டு சாதி உருவாகிவிடும். அப்படி ஒரு கிளப்பை நான் விரும்பவில்லை.

திரும்பத் திரும்ப வராதவரிடம் கொமடோர், அதாவது கிளப்பின் தலைவர், தனியாகப் பேசட்டும். முக்கால்வாசி நேரம் அதில் ஒரு காரணம் வெளிவரும், வேறு வேலை கொடுத்தால் செய்வார்.

பட்டியலை நாமே போடுவதா, உறுப்பினர்களே நாளைத் தேர்ந்தெடுப்பதா?

முதலில் அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், ஜனவரி முழுக்கத் திறந்து வையுங்கள். தைப்பொங்கல், தீபாவளி, ஈத், பள்ளி விடுமுறை எல்லாம் அவரவருக்குத் தெரியும். மாதக் கடைசியில் காலியாக இருக்கும் இடங்களை நீங்கள் நிரப்புங்கள். மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் தானே ஆள் பிடித்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதியை வையுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உங்கள் போன்தான் அடிக்கும். இரண்டு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், இரண்டு நாள் முன்னால் இன்னொன்று. போதும்.

பிள்ளைகளை வேலை வாங்கலாமா?

கட்டாயம். பதினான்கு வயதிலிருந்து 24 வரை சேரக்கூடிய ட்யூக் ஆஃப் எடின்பரோ விருது இங்கே எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அதில் தொண்டு என்று தனிப் பிரிவே உண்டு. வெண்கல நிலைக்குக் குறைந்தது மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் படகு தயார் செய்ய உதவுவதை அதில் காட்டலாம். தொண்டுக்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பிடித்த இடத்திலேயே அது நடக்கிறது.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் உண்மையான பொறுப்பைக் கொடுங்கள். "நாற்காலி அடுக்கு" என்று மட்டும் சொன்னால் இரண்டாவது வாரம் வர மாட்டார்கள். தொடக்கத்தில் ஸ்டாப்வாட்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்பாவின் பந்தயத்தை மகள் தொடங்கிவைக்கட்டும்.

பிள்ளைகளோடு தொடர்ந்து வேலை செய்யும் பெரியவர்களுக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும். தன்னார்வலர்களிடம் அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நம் பெற்றோர் சிலர் இதைத் தங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எனக்கும் உண்டு, கொமடோருக்கும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்காகவும் எல்லோருக்கும் ஒரே விதி.

கிளப்பில் எங்களைப் போன்ற முகம் அதிகம் இல்லை. வெளியாள் மாதிரி இருக்கிறது.

இதை என்னிடம் மெதுவாகச் சொன்னவர்கள் பலர். நானும் அனுபவித்ததுதான். பேச்சு முழுக்கக் கயிறு, பாய், காற்று என்று நமக்குப் புரியாத சொற்களாக இருக்கும், எல்லோரும் ஒருவரை ஒருவர் இருபது வருடமாக அறிந்தவர்களாக இருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த வரை இதற்கு டியூட்டியை விட நல்ல வழி கிடையாது. விருந்தில் போய் நின்றால் என்ன பேசுவது என்று தெரியாது. பாதுகாப்புப் படகில் ஒருவரோடு இரண்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தால் பேச்சு தானாக வரும். அவர் வெந்நீர்க் குடுவையைத் திறப்பார், நீங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பீர்கள். இரட்டை உடல் கொண்ட படகை அவர்கள் கட்டமரான் என்று சொல்லும்போது, அது நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல் என்று சொல்லிப்பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஆர்வமாகக் கேட்பார்கள்.

நமக்கும் பாய்மரப் படகுக்கும் சம்பந்தம் இல்லை என்று பிள்ளைகள் நினைத்தால் சென்னையைக் காட்டுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நான்கு இந்தியப் படகோட்டிகளில் நேத்ரா குமணன், வருண் தாக்கர், கணபதி மூவரும் சென்னையிலிருந்து போனவர்கள். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா.

கிளப்பின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வது, சமையல்கட்டில் பன்றி இறைச்சி சாண்ட்விச் மட்டும் வைக்காமல் சைவமாக ஏதாவது வைப்பது, முதல் மூன்று வாரம் புதியவரோடு ஒருவரை இணைத்துவிடுவது. எங்கள் கிளப்பில் ஒரு சாம்பார் ஞாயிறு வந்ததே ஓர் உறுப்பினர் சமையல்கட்டு டியூட்டியில் தன் விருப்பப்படி சமைத்ததால்தான். இப்போது அந்த நாளைக் கேட்டு மற்ற உறுப்பினர்கள் தேதி குறிக்கிறார்கள்.

பங்கெடுப்பு குறைந்தால் கிளப்புக்குச் சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பிரிட்டனில் 2002-லிருந்து சமூக அமெச்சூர் விளையாட்டுக் கிளப் என்ற பதிவு இருக்கிறது. பதிவு செய்த கிளப்புக்கு வணிகக் கட்டட வரியில் 80 சதவீதத் தள்ளுபடி. ஆனால் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் உண்மையாகப் பங்கெடுப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முழு வருடத்துக்கு 12 தடவை என்பது அளவு. நல்ல செய்தி என்னவென்றால், பயிற்சி கொடுப்பவர், நேரம் குறிப்பவர் போல மற்றவர்கள் விளையாட வழிசெய்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். ஆகவே யார் எந்த நாள் வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கிளப் பதிவு செய்ததா என்று பொருளாளரிடம் கேளுங்கள்.

கமிட்டியில் எப்போதும் அதே ஆட்கள்தான். மாற்ற முடியாதா?

பதவியைச் சிறிதாக்கினால் முடியும். "செயலாளர் வேண்டும்" என்றால் யாரும் கை தூக்க மாட்டார்கள், ஏனென்றால் இப்போதைய செயலாளர் எட்டுப் பேர் வேலையைச் செய்கிறார். அதை உடையுங்கள். படகு நிறுத்தும் இடங்களின் பட்டியலை ஒருவர் பார்க்கட்டும், புதிய உறுப்பினர்களுக்குப் பதில் எழுதுவதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பதவிக்கும் மூன்று வருடம் என்று எல்லை வையுங்கள், கடைசி வருடம் அடுத்தவர் கூடவே இருந்து பழகட்டும். முடிவு தேதி தெரிந்தால்தான் மனிதர்கள் சரி என்பார்கள்.

பழையவர்களை விரட்டிவிடாதீர்கள். ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், பாதுகாப்புப் படகில் ஏற முடியாமல் போனபோது இனி தன்னால் பயனில்லை என்று நினைத்துவிட்டார். இப்போது புதன்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கயிறு முடிச்சு சொல்லித்தருகிறார். அவர் விரல்கள் கொஞ்சம் நடுங்கும். ஆனால் போலைன் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

எப்படி நன்றி சொல்வது?

அன்றைக்கே, பெயர் சொல்லி, என்ன செய்தார் என்று சொல்லி. பரிசளிப்பில் முதல் பரிசுக்கு முன்னால் அன்றைய டியூட்டி ஆட்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுங்கள். பந்தயம் முடித்துக் கரை ஏறும்போது கொடி பிடித்தவரைப் பார்த்து நன்றி சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரிய பரிசெல்லாம் வேண்டாம், சூடான தேநீரும் ஒரு பன்னும் போதும். நான் வெறுப்பது ஒன்றே ஒன்று: நான்கு மணி நேரம் குளிரில் நின்றவரிடம் வந்து, மூன்றாவது மிதவையைத் தப்பான இடத்தில் போட்டாய் என்று முதல் வார்த்தையாகச் சொல்வது. அந்த ஒரு வார்த்தையால் ஒரு தன்னார்வலரை நாங்கள் நிரந்தரமாக இழந்திருக்கிறோம்.

என் முதல் டியூட்டி அடுத்த வாரம். பந்தய உதவியாளர். நான் எதற்குத் தயாராக வர வேண்டும்?

அரை மணி முன்னால் வாருங்கள். கரையில் நிற்பது படகு விடுவதை விடக் குளிரும், ஜூன் மாதமானாலும் ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாக வேண்டும். தொப்பி, மழைக்கோட்டு, சாப்பாடு. விதிப்புத்தகம் படிக்க வேண்டாம். ஐந்து, நான்கு, ஒன்று, பூஜ்யம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹாரன் சத்தம் வரவில்லை என்றால் பதற வேண்டாம், விதிப்படி கொடிதான் கணக்கு.

எல்லைக் கோட்டைப் படகுகள் கடக்கும்போது எண்களைக் கடக்கும் வரிசையிலேயே எழுதுங்கள், நேரத்தைப் பக்கத்தில் இன்னொருவர் சொல்வார். நாலைந்து படகு சேர்ந்து வந்தால் முதலில் எண்ணை மட்டும் எழுதிவிடுங்கள். ஒன்று தவறினால் உடனே சொல்லுங்கள், வந்தவரையே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பேனா வேண்டாம், பென்சில் இரண்டு கொண்டுவாருங்கள். நனைந்த தாளில் பென்சில்தான் எழுதும்.